ஹாலந்துக்கு எதிராகப் பதினோரு பேர்

முகம்மது இஸ்மாயில் மூன்றாவது முறையாக எண்ணிப் பார்த்தார். மூன்றாவது முறையும் ஆறு பேர்தான் வந்தது.

"பாய், நீங்க எண்ண எண்ணப் பெருகுறதுக்கு நாங்க இன்னா இறால் குஞ்சா?" என்றான் கோல்கீப்பர் மக்பூல்.

பழவேற்காடு பஜார் தெருவில் தையற்கடை வைத்திருந்த இஸ்மாயில், ஊர்க் கால்பந்துக் கழகத்தின் செயலாளரும்கூட. கழகம் என்றால் ஒரு பந்து, ஒரு விசில், ஒரு ரப்பர் ஸ்டாம்பு. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் மெட்ராசுக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் பொன்னேரி ஆபீசு ஒன்றிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹாலந்திலிருந்து ஒரு 'டீம்' வருகிறது, 'கிரவுண்டை'ச் சுத்தமாக வைத்து ஒத்துழைக்கவும் என்று. இஸ்மாயிலுக்கு இங்கிலீஷில் நூறு வார்த்தை தெரியும். டீமும் கிரவுண்டும் அந்த நூறில் இருந்தன.

அது 1979. முந்தின வருஷம்தான் ஹாலந்து உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரைக்கும் போய்த் தோற்றிருந்தது.

"அங்க தோத்த கடுப்ப இங்க வந்து தீத்துக்கப் போறாங்களா?" என்றான் மக்பூல்.

"அவுங்க முப்பாட்டனுங்க கோட்டை கட்டி வாழ்ந்த ஊருடா இது. பாக்கணும்னு ஆச இருக்காதா? ஆறு பேரா போய் நின்னா நம்ம மானம் போயிடும்."

ஆட்டம் தெரிந்த ஆட்கள் வேறு எங்கே இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரையோரம் அரை மணி நேரம் நடந்தால் வருகிற மீனவர் குப்பத்தில். ஆனால் அங்கே போக முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் குப்பத்துத் தேசப்பன் அடித்த பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்று தொடங்கிய பேச்சு, இரண்டு பல்லிலும் ஒரு கையெலும்பிலும் முடிந்தது. ஊரே வலையால் பிழைக்கிற இடம்; கோல் கம்பத்துக்கு மட்டும் வலை கிடையாது. அன்றைக்கு விசிலை வாயில் வைத்துக்கொண்டு 'வெளியே' என்று கை காட்டியவர் இஸ்மாயில்.

அதுவரைக்கும் பெருநாள் பிரியாணி தேசப்பன் வீட்டுக்குப் போகும். நல்ல இறால் விழுந்தால் முதல் கூறு இஸ்மாயில் வீட்டுக்கு வரும். அப்புறம் இரண்டுமே நின்றுபோயின.

"ரோசம் பாக்காம போய்ட்டு வாங்க," என்றாள் அவர் மனைவி மஸூதா. "மூணு வருசமா நல்ல இறாலே கண்ணுல படல."

குப்பத்தில் தேசப்பன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வேலம்மா கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். இஸ்மாயில் தொண்டையைச் செருமிக்கொண்டு கடிதத்தைப் பிரித்தார்.

"ஹாலந்து டீம் வருது தேசப்பா. ஒலகக் கோப்பை ஆடுன டீமு."

தேசப்பன் நிமிரவில்லை. "எத்தினி பேரு?"

"பதினோரு பேருக்குக் கொறையுமா?"

வேலம்மா சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று இஸ்மாயில் நினைத்துக்கொண்டார்.

"அஞ்சு பேரு தரேன்," என்றார் தேசப்பன். "கேப்டன் நாந்தான்."

"சரி."

"கம்பத்துக்கு நான் வலை கட்டுவேன். உள்ளயா வெளியவான்னு எவனும் கை காட்டக் கூடாது."

இஸ்மாயில் கடிதத்தை மடித்தார். "சரி."

"உங்க பச்ச பனியனப் போட மாட்டோம்."

"புதுசா தெச்சிடறேன். அது இன்னா பெரிய வேல?"

அது பெரிய வேலையாகத்தான் போயிற்று. பதினோரு பேருக்குக் காணும்படி ஒரே நிறத்தில் துணி கடையில் இல்லை. மீஞ்சூருக்குப் போய்த் தேடினார். அங்கே அவ்வளவு நீளத்துக்கு இருந்தது ஒரே ஒரு துணிதான். மஞ்சள் நிறம், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ரோஜாப்பூ. திரைச்சீலைத் துணி.

மக்பூல் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றான். "பாய், வெள்ளக்காரன் நம்மள ஜன்னல்னு நெனச்சித் தொறக்கப் போறான்."

அடுத்தது வலை. தேசப்பன் சொன்னபடியே கொண்டுவந்து கட்டினார். கண்ணி பொடிசான வலை. கடல் காற்று அடித்ததும் படகுப் பாய் போல உப்பி, கம்பத்தையே பிடுங்கிச் சாய்த்துவிட்டது. கம்பத்தைப் படகு நங்கூரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். கம்பம் நின்றது. ஆனால் ஒத்திகை ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்த மக்பூல் வலைக்குள் விழுந்து சிக்கிக்கொண்டான். அவனை எடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

"எட பரவால்ல," என்றார் தேசப்பன், வலையில் விழுந்த மீனை எடை பார்ப்பது போல.

இஸ்மாயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேசப்பனும் சிரித்தார். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. உடனே இரண்டு பேரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியிலிருந்தும் அனுப்பம்பட்டிலிருந்தும்கூட பஸ் பிடித்துக் கூட்டம் வந்திருந்தது. அறுநூறு பேராவது இருக்கும். பேண்டு வாத்தியம் ஒரு பக்கம், ஐஸ் பெட்டிக்காரர் ஒரு பக்கம். இஸ்மாயில் பதினோரு மாலையைக் கையில் மாட்டிக்கொண்டு வியர்வையில் நின்றார்.

வேன் வந்தது. குடை பிடித்த ஒரு வெள்ளைத் தலைப் பெரியவர் இறங்கினார். அடுத்து ஒரு குண்டு அம்மாள். பின்னால் ஒரு இளம்பெண். கடைசியாகக் கையில் அளவு நாடாவோடு பனைமரம் போல ஒரு பையன். கதவு மூடிக்கொண்டது.

"மீதி ஏழு பேரு?" என்று இஸ்மாயில் கூட வந்த அதிகாரியைக் கேட்டார்.

"என்ன ஏழு பேரு? டீமே இவ்வளவுதான்," என்றார் அதிகாரி உலகநாதன். "டச்சுக்காரங்க கல்லறைக் கல்வெட்டையெல்லாம் படி எடுக்க வந்திருக்காங்க. பக்கத்து மைதானத்துல கூடாரம் போடணும்னுதான் கிரவுண்டைக் கேட்டோம். ஆமா, இது என்னங்க இவ்வளவு கூட்டம்? யாராவது பெரிய மனுஷர் வர்றாரா?"

இஸ்மாயில் கையிலிருந்த பதினோரு மாலையையும் பார்த்தார். கூட்டம் சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் குப்பத்து ஆட்களை வீட்டுக்குப் போய் அழைத்துவந்து ஏமாற்றினதாக அல்லவா ஆகிவிடும்? போன தடவை இரண்டு பல். இந்தத் தடவை எண்ணிக்கை எதில் போய் நிற்குமோ?

தேசப்பனிடம் போய், "தேசப்பா, அது வந்து…" என்று ஆரம்பித்தார்.

"நாலு பேருதானா? இருக்கட்டும்," என்றார் தேசப்பன், ஏதோ தினமும் நடக்கிற விஷயம் போல. "ரெண்டு பக்கமும் கொறையறதுக்குக் கூட்டத்துலேருந்து எங்காளுங்க ஊருகாரங்கன்னு கலந்து போட்டுக்கலாம். நானும் அந்தப் பக்கம் போறேன். ஹாலந்துக்கு நான் கேப்டன். நீ விசில எடு."

உலகநாதன் விஷயத்தை இங்கிலீஷில் சொன்னதும் அந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் பெரியவர் குடையை மடக்கி உலகநாதன் கையில் கொடுத்துவிட்டு, கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு கோல் கம்பத்தைப் பார்த்து நடந்தார். அறுநூறு பேரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

அப்படி ஒரு ஆட்டத்தைப் பழவேற்காடு அதற்கு முன் பார்த்ததில்லை. பனைமரப் பையன் பத்தடிக்கு ஒரு தடவை மணலில் விழுந்தான். குண்டு அம்மாள் பந்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்து நிறுத்தினாள். அவள் பிடியிலிருந்து யாரும் தப்பவில்லை. இளம்பெண்தான் ஆட்டக்காரி. பந்து அவள் காலை விட்டு நகரவே மாட்டேன் என்றது. பெரியவர் டச்சில் கத்தினார். தேசப்பன் தமிழில் கத்தினார். நடுவில் ஓடி ஓடி மொழிபெயர்த்த உலகநாதன், தன்னை யாருமே கேட்கவில்லை என்று தெரிந்ததும், ஐஸ் பெட்டி மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது இளம்பெண் பந்தைத் தள்ளிக்கொடுக்க, தேசப்பன் ஓங்கி உதைத்தார். பந்து கம்பத்தின் உள்பக்கத்தை உரசிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே மக்பூலும் போனான். வலை இரண்டையும் பிடித்துக்கொண்டது.

மைதானமே திரும்பி இஸ்மாயிலைப் பார்த்தது. தேசப்பனும் பார்த்தார்.

"உள்ள!" என்று கத்தினார் இஸ்மாயில். விசில் வாயிலிருந்து விழுந்தது. "உள்ளதான்யா! அன்னிக்கும் உள்ளதான்!"

தேசப்பன் ஓடிவந்து அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டார். எதற்கென்று தெரியாமலேயே பெரியவரும் ஓடிவந்து இரண்டு பேரையும் கட்டிக்கொண்டார்.

மத்தியானம் குப்பத்துத் தோப்பில் சாப்பாடு. மஸூதா பிரியாணி அனுப்பியிருந்தாள். குப்பத்துப் பெண்கள் இறால் தொக்கும் வறுத்த மடவை மீனும் வைத்திருந்தார்கள். பெரியவர் மக்பூலின் ரோஜாப்பூ பனியனைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, மீன் முள்ளை எப்படி எடுப்பது என்று தேசப்பனிடம் சைகையால் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். இளம்பெண்ணும் மக்பூலும் இலையில் நாலு இறாலை நிறுத்தி, எந்தப் பக்கம் யார் ஓடியிருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு பாஷையில் சண்டை போட்டார்கள்.

இஸ்மாயிலுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பரிமாற வந்த வேலம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு. கடுதாசிய நான்தான் தப்பாப் படிச்சிட்டேன். டீமுன்னா ஆட்டக்காரங்கன்னு நெனச்சி உங்க எல்லாரையும் வரவழச்சிட்டேன். தேசப்பன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

வேலம்மா அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி இறாலை வைத்தாள்.

"அட, நீங்க ஒண்ணு பாய்! கல்லற பாக்க நாலு வெள்ளக்காரங்க வராங்க, ஏரியச் சுத்திக் காட்டணும்னு ஆபீசுகாரங்க போன மாசமே எங்க படகத்தான் பேசிட்டுப் போனாங்க. 'மூணு வருசம் கழிச்சி பாய் நம்மள ஆட கூப்புடறாரு, எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, கால ஒடச்சிடுவேன்'னு குப்பம் பூரா சொல்லி வச்சவரே எங்க ஊட்டுக்காரருதான்!"