பழம் பூஜ்யம், மற்றவை தொண்ணூற்றேழு

டிசம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. பதினேழு டிகிரி, நல்ல வெயில். பதினொரு நாளில் மூட்டம் இல்லாத முதல் காலை. (மூட்டம் இருந்திருந்தால் பாதிப் பேருக்காவது என் முகம் தெரியாமல் போயிருக்கும்.)

முப்பத்து மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தியவன் நான். சோதிக்காத கருவியைச் சபைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது தெரியாதா? தெரியும். 212 முறை சோதித்தேன்.

நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில், பழம் பறிக்கும் பெண்களுக்குக் கிலோவுக்குக் கூலி. பழுத்ததற்கு மட்டும்தான்; காய்க்குக் கூலி கிடையாது. எது எவ்வளவு என்று கணக்கு எழுதும் ரைட்டர் சேவியர் கண்மட்டத்தில் சொல்வார். தினமும் சண்டை. என் பழைய மாணவரான முதலாளியிடம், "நான் ஒரு டப்பா செய்து தருகிறேன்" என்று வாயைக் கொடுத்தேன்.

ஒரு கேமரா, உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட், ஏழு அங்குலத் திரை. குவியலைப் பார்த்து நூற்றுக்குப் பழம் எத்தனை, காய் எத்தனை, மற்றவை (அதாவது இலை, கல், குச்சி) எத்தனை என்று சொல்லும்.

அன்று முதல் குவியல் ராஜம்மாவுடையது. புது நீலத் தார்ப்பாயில் திரை நிறையக் கொட்டினார். ஏறக்குறைய அத்தனையும் ரத்தச் சிவப்பு. திரையிலோ நாவல்பழம் போல நீலமாகத் தெரிந்தது.

பழம் 0. காய் 3. மற்றவை 97.

"ஏனுங்க சார், விடியக்காலையில இருந்து நான் கல்லுங்களா பொறுக்குனேன்?"

பின்னால் நின்ற பதின்மூன்று பேரும் சிரித்தார்கள். ராஜம்மா சிரிக்கவில்லை. அன்றைய கூலி அந்தக் குவியலில் இருந்தது.

"மெஷின் சொன்னா சொன்னதுதாங்க. எழுதிக்கட்டுங்களா?" என்று சேவியர் பேனாவைத் திறந்தார்.

அப்போதே தப்பை ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் நான், "பழத்தின் மேல் ஏதோ நீலப் பூஞ்சணம். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்" என்றேன். முதலாளி பயந்துபோய்ப் பறிப்பையே நிறுத்திவிட்டார். பதினான்கு பெண்களும் களத்தில் உட்கார்ந்தார்கள். நான் லென்ஸை ஒன்பது முறை துடைத்தேன்.

ராஜம்மா எட்டிப் பார்த்தார். திரையில் அவர் முகமும் நீலம். "அடி ஆத்தீ, பூஞ்சணம் எனக்கும் ஒட்டிக்கிச்சுடி!"

"அது வெளிச்சக் கோளாறு" என்றேன், கூசாமல்.

பன்னிரண்டே முக்காலுக்கு முதலாளி பொறுமை இழந்து குவியலை அள்ளச் சொன்னார். வெறும் தார்ப்பாய்தான் மிச்சம். திரை மாறியது.

பழம் 100.

"நொம்ப நல்லா இருக்குதுங்க! நாளைக்குச் செடிக்குப் போவலீங்க. ஆளுக்கொரு தார்ப்பாய் கொண்டாறோம், எடை போடுங்க" என்றார் ராஜம்மா.

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள். என் கேமரா அவற்றை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் அனுப்புகிறது. சர்க்யூட்டோ சிவப்பு, பச்சை, நீலம் என்று படிக்கிறது. ஓரத்திலிருக்கும் இரண்டும் இடம் மாறினாலும் நடுவிலிருக்கும் பச்சைக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளைக்கும் சாம்பலுக்கும் மூன்று எண்ணும் ஒன்றே. நான் சோதித்தது ஆகஸ்டில். இலை பச்சை, காய் பச்சை, மூட்டம் வெள்ளை, களம் சிமெண்டு. 212 முறையும் சரியாக வந்தது. மலையில் அப்போது ஒரு சிவப்புப் பழமாவது இருந்திருந்தால்தானே!

புரோகிராமில் ஒரு வரி மாற்றினேன். நான்கு நிமிடம். ராஜம்மாவின் குவியலை மறுபடி கொட்டினோம். பழம் 97, காய் 3.

"அப்ப இத்தன நேரம் சும்மா உக்காந்திருந்ததுக்குங்க?" என்றார் ராஜம்மா. முதலாளி சேவியரைப் பார்த்தார், சேவியர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

இன்றும் தக்காளி வாங்கி வந்தால் என் மனைவி கடைசித் தக்காளிவரை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள்: "பார்த்துச் சொல்லுங்க, இது பழமா, மற்றவையா?"

பறிக்காத மூன்று மணி நேரத்துக்குத் தலைக்கு 120 வீதம் பதினான்கு பேருக்கு 1,680. சமாதானத்துக்குப் பன்னும் டீயும் 350. ஆக, என் பையிலிருந்து 2,030 ரூபாய்.