பானெட் மேல் ஒரு டீ

“அப்பா, இதுல செத்தவங்க எந்த சீட்ல உக்காந்திருந்தாங்க?”

சிவப்புக் கார் வாசலில் வந்து நின்ற அன்று, பின்கதவைத் திறந்துகொண்டு ஆக்சிலியா இப்படித்தான் கேட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்கு ஜன்னலோரம் வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொண்டு உட்காரலாம் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

ஆண்டோவின் கையில் இருந்த லட்டுப் பெட்டி சாய்ந்தது.

“யாரு பாப்பா சொன்னது?”

“பக்கத்து வூட்டு நிர்மலா அத்தை. இது தொப்பூர் வண்டியாம்.”

தர்மபுரியில் ஒரு வண்டியைத் தொப்பூர் வண்டி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகிறவர்களைப் பார்த்துப் போவதில்லை. நசுங்கின வண்டிகளைத் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, ஒன்றும் தெரியாதவன் தலையில் கட்டிவிடுகிறவர்களும் உண்டு.

காம்பவுண்டுக்கு மேலே நிர்மலாதேவியின் தலை தெரிந்தது.

“நான் தப்பா ஒண்ணும் சொல்லலீங்க தம்பி. இதே வண்டிய தொப்பூர்ல பாத்தேன். பின்சீட்டெல்லாம் ரத்தம். நீங்க நல்லபடியா ஓட்டுங்க.”

ஆண்டோ லட்டை எடுத்து அவரிடம் நீட்டினான். கண் பின்சீட்டிலேயே இருந்ததில் அது காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

அந்த மாடல் கார் வந்த புதிதில் ஆண்டோ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். நாலு கதவு, பெரிய டிக்கி, பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்கார இடம். பார்த்தால் அமைதியான குடும்பஸ்தன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் விசில் அடித்துக்கொண்டு பறக்கும். பேப்பரில் வந்த அதன் படத்தை வெட்டி, ஹாஸ்டல் அலமாரிக் கதவில் குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தான். குடும்பஸ்தர்களுக்கு அதில் வேகம் அதிகமாக இருந்தது. வேகக்காரர்களுக்கு அதில் குடும்பம் அதிகமாக இருந்தது. இரண்டு பேரும் வாங்காமல் போகவே, கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது.

இத்தனை வருஷம் கழித்து அதை அவன் வாங்கியது ஆசைக்காக மட்டும் இல்லை. ஆக்சிலியா பிறந்தபோது மாமியார் வீட்டிலிருந்து மனைவி கேத்தரினை ஆட்டோவில் கொண்டு போனார்கள். மொரப்பூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி தன் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போக, அவன் பிடித்திருந்த அவள் கை சில்லிட்டுக்கொண்டே வந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது ஆண்டவர் செயல். இப்போது அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். ஆண்டவரை இன்னொரு முறை அந்த அளவுக்குச் சிரமப்படுத்தக் கூடாது என்றுதான் ஒரு வேகமான வண்டியைத் தேடினான். பழைய வண்டிதான் கைக்கு எட்டியது.

மெக்கானிக் மாரியப்பன் எஞ்சினுக்குள் தலையை விட்டுப் பார்த்துச் சொன்னார்: “இதுக்கு ஸ்பேர் கிடைக்காது சார். ஆனா இப்படி ஒரு எஞ்சின இனிமே ஒருத்தனும் செய்ய மாட்டான்.”

“அப்போ வாங்கலாமா?”

“நான் வாங்க மாட்டேன். நீங்க வாங்குங்க.”

வாங்கிவிட்டான். இப்போது, வண்டியை முடித்துக் கொடுத்த புரோக்கர் மாதவராஜுக்குப் போன் போட்டான்.

“நேரா கேக்கறேன். இந்த வண்டி ஆக்சிடென்ட்ல அடிபட்டதா?”

“மாதா சத்தியமா இல்லீங்க சார். ஒரு கீறல் கிடையாது.”

“பின்சீட்ல ரத்தம் இருந்துச்சுன்றாங்களே.”



“அதான் கழுவிட்டோங்களே சார்.”

போன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு மாதவராஜ் எடுக்கவே இல்லை.

“கேத்தரின், வண்டிய திருப்பிக் குடுத்துடலாமா?”

காரின் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கேத்தரின், “மொதல்ல என்னைத் தூக்கி வுடுங்க” என்றாள். “உக்கார நான் ஒருத்தி போதும். எந்திரிக்க ரெண்டு பேரு வேணும்.”

“நான் பேயப் பத்திப் பேசறேன்.”

“பேய் இருந்தா பெட்ரோல் செலவுல பாதி ஏத்துக்குமான்னு கேளுங்க.”

ஆண்டோவுக்கு ஓமலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலை. தினமும் கணவாயில் இறங்கி ஏற வேண்டும். முதல் நாளே எதிரே வந்த லாரிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்து, கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். அடுத்தவரும் அப்படியே. சவ ஊர்வலம் போகும்போது ஜனங்கள் கும்பிடுவதை ஆண்டோ பார்த்திருக்கிறான். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு சிலுவை போட்டதில், ஓமலூர் போவதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

மாலையில் திரும்பி ஏறும்போது, ஓய்ந்த கையை ஆறவிட, கணவாயில் இருந்த முனியம்மாள் டீக்கடை ஓரமாக நிறுத்தினான். இறங்கவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. முனியம்மாள் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்து, ஒரு டீயும் ஒரு பன்னும் பானெட் மேல் வைத்துவிட்டுப் போனாள். செத்தவர்களுக்குப் படையல் வைப்பது போல.

கண்ணாடியை இறக்கிக் காசை நீட்டினான்.

“இந்த வண்டிக்குக் காசு வாங்கறதில்ல தம்பி” என்றாள் அவள்.

டீயைத் தொடாமல் கிளம்பினான். அடுத்த வளைவு வரைக்கும் கிளாஸ் பானெட் மேலேயே உட்கார்ந்து வந்தது.

அன்றைக்கே டிக்கியைக் குடைந்தான். ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு மூட்டை இருந்தது. அதில் துவைத்து மடித்த பழைய போர்வைகள். துவைத்தும் போகாத பழுப்புக் கறைகள். ஒரு டார்ச் லைட். ஒற்றைக் காலுக்கு ஒரு லேடீஸ் செருப்பு.

ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கொல்லையில் போட்டு எரித்தான். புகை நேராக நிர்மலாதேவி காயப்போட்டிருந்த துணிமேல் போனது.

இரண்டு நாள் கடையைத் தாண்டி வேகமாகப் போய்விட்டான். மூன்றாம் நாள் டிராஃபிக் சரியாக அந்தக் கடை முன்னாலேயே நின்றது. முனியம்மாள் டீயைப் பானெட்டில் வைத்துவிட்டு, பின்பக்கம் போய், பழகினவள் போல டிக்கியைத் தட்டினாள்.

“துணி இருக்குதா தம்பி?”

“எ... எரிச்சுட்டேங்க.”

அவள் இடுப்பில் கை வைத்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நல்ல காரியம் பண்ணுன போ. சரி, சீக்கிரம் வேற துணி கொண்டாந்து வையி. எப்போ வரும்னு சொல்லிட்டா வருது?”

எது சொல்லிவிட்டு வராது என்று அவன் கேட்கவில்லை. கேட்டு, அவள் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கோயிலுக்கு ஓட்டிப் போனான். புதிதாக வண்டி வாங்கினால் மந்திரிப்பது வழக்கம்தான். ஆனால் ஆண்டோ, “கொஞ்சம் ஸ்ட்ராங்கா மந்திரிங்க ஃபாதர்” என்று கேட்டுக்கொண்டான். ஃபாதர் இனிகோ தாராள மனசுக்காரர். முன்சீட், பின்சீட், டிக்கி, ஸ்டீயரிங் என்று தீர்த்தத்தை வாளியோடு தீர்த்தார். ஸ்டீயரிங்குக்குள் தண்ணீர் இறங்கி, ஹாரன் அலறத் தொடங்கியது. நிற்கவே இல்லை. அடுத்த பூசைக்கு வந்த ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு முழங்காலிட்டார்கள்.

“அது வெளியே போகுது ஃபாதர்” என்றான் ஆண்டோ நம்பிக்கையோடு.

“ஒயரப் புடுங்கு ஆண்டோ” என்றார் ஃபாதர்.

சத்தம் கேட்டு ஓடி வந்த மாரியப்பன் ஒயரைப் பிடுங்கினார். “ஹாரனுக்கு ஸ்பேர் வரணும். வந்தா பாக்கலாம்” என்றவர், தன் பங்குக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டார். விற்றுவிடலாம் என்று பார்த்தால், நிறுத்திப் போன மாடலைக் கேட்க ஆள் இல்லை. ஆக, ஹாரனும் இல்லாத, போர்வையும் இல்லாத, பேய் மட்டும் இருக்கிற வண்டி வாசலில் நின்றது. பிரசவத்துக்கு வேறு வண்டி சொல்லி வைத்தான். ஒரு பயத்துக்காக வாங்கினதை இன்னொரு பயத்துக்காக ஓரம் கட்டினான்.

ஆனால் பிள்ளைகள் வண்டி பார்த்துப் பிறப்பதில்லை.

ஓமலூரில் கேத்தரினின் அக்கா மகனுக்கு ஞானஸ்நானம். நாள் இன்னும் இருக்கிறது, போய்விட்டு வந்துவிடலாம் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். பகல் நேரம்தானே என்று அவனும் காரை எடுத்தான். திரும்பும்போது ஆக்சிலியா பெரியம்மா வீட்டிலேயே தங்கிக்கொண்டாள். பாதிக் கணவாய் ஏறியிருப்பார்கள், கேத்தரின் பேச்சை நிறுத்தினாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. ஓட்டுங்க.” கொஞ்சம் கழித்து, “ஒண்ணு இருக்கு. சீக்கிரம் ஓட்டுங்க.”

அடுத்த வளைவில் வண்டிகள் அசையாமல் நின்றன. மேலே எங்கோ ஒரு லாரி குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னால் லாரி, பின்னால் லாரி, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்பு. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், அதுவும் இதே நெரிசலில்தான் நிற்கிறது என்றார்கள். பின்சீட்டில் கேத்தரின் பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்து கிடந்தாள். எட்டி அவள் கையைத் தொட்டான். சில்லிட்டிருந்தது. அதே கை, அதே குளிர். இந்த முறை மொரப்பூர் கேட்டுக்குப் பதிலாக ஒரு மலையே மூடியிருந்தது.

ஹாரனை அழுத்தினான். சத்தம் வரவில்லை. வராது.

“ஆண்டவரே, இந்த வண்டியில இன்னொரு உசிரு வேண்டாம்” என்று வாய்விட்டு அழுதான்.

முன்னால் நின்ற லாரியின் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். ஒரு கணம்தான். கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டு, இரண்டு முறை ஹாரன் அடித்தார். அதற்கு முன்னால் நின்ற லாரி இரண்டு முறை அடித்தது. அதற்கும் முன்னால் இன்னொன்று. சத்தம் வளைவு வளைவாக மேலே ஏறிப் போனது. பிறகு, மோசேக்குக் கடல் விலகின மாதிரி, அத்தனை பெரிய லாரிகளும் உறுமிக்கொண்டு பாறைப் பக்கமாக ஒதுங்கின. கிளீனர்கள் குதித்து இறங்கி, “வா, வா, வா” என்று கை காட்டினார்கள். விழுந்து கிடந்த லாரிக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு கார் நுழையும் அளவுக்கு நாலு பேர் சேர்ந்து சரிந்து கிடந்த பாரத்தை இழுத்துப் போட்டார்கள். கடை வாசலில் முனியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“எல்லாரும் கும்புடறாங்க கேத்தரின்” என்றான் ஆண்டோ. “பொணத்துக்கு வுடற மாதிரி வழி வுடறாங்க.”

“மொதல்ல ஓட்டுங்க. அப்புறமா ரெண்டு பேரும் சேந்து பயப்படலாம்.”

மிதித்தான். விசில் அடித்துக்கொண்டு வண்டி பறந்தது. அலமாரிக் கதவில் ஒட்டின நாளிலிருந்து அவன் காத்திருந்த வேகம் அது. அதை அவன் கண்ணீர் வழியாகத்தான் பார்த்தான்.

தர்மபுரி ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கக்கூட இல்லை. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, பின்கதவைத் திறந்துவிட்டார். குரு என்று பெயர்.

“எந்த வளைவுல அடி?”

“அடி இல்லீங்க. பிரசவம்.”

குரு வாய் நிறையச் சிரித்தார். “பிரசவமா? இந்த வண்டியில இதுதான் மொத தடவ.”

பையன் பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், அவன் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்தபோது குரு ஒரு ஈரத்துணியால் காரின் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே, பழகின கையோடு.

“அண்ணே, மறைக்காம சொல்லுங்க” என்றான் ஆண்டோ. “இந்த வண்டியில எத்தன பேரு செத்தாங்க?”

“சாகறதா?” குரு நிமிர்ந்தார். “வண்டிய வித்த ராஜாமணி ஐயாவ உங்களுக்குத் தெரியாதா? கணவாயில எவன் அடிபட்டுக் கெடந்தாலும், ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போர்வையில சுத்தி இதுல போட்டுக்கிட்டு வந்துருவாரு. கண்ணு மங்கிப் போச்சுன்னுதான் வித்தாரு. நானே எத்தனையோ பேர எறக்கியிருக்கேன்.” அவர் சீட்டை ஒருமுறை தட்டிக் கொடுத்தார். “உசிரு போறதுக்கு இந்த வண்டி ஒருத்தருக்கும் நேரம் குடுத்ததில்லீங்க.”

கேத்தரின் பிள்ளையோடு வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காம்பவுண்டுக்கு மேலே தலை எதுவும் தெரியவில்லை. ஆண்டோ டிக்கியைத் திறந்தான். கஞ்சி போக ஒருமுறை துவைத்துக் காயவைத்த புதுப் போர்வைகளை, பழையவை மடித்திருந்த மாதிரியே மடித்து ஸ்டெப்னிக்கு அடியில் வைத்தான். பக்கத்தில் ஒரு டார்ச் லைட். செருப்புக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிள்ளை விழித்துவிடாதபடி டிக்கியை மெதுவாக அழுத்தி மூடினான்.