பதவிக்கேற்ற குண்டு

பென்னாகரம் தாண்டி, காட்டை ஒட்டி ஒரு காவல் நிலையம். பெயரைச் சொல்லி யாருடைய பென்ஷனுக்கும் உலை வைக்க வேண்டாம். எண்பத்தேழாம் வருஷம் அந்த நிலையத்துக்கு, மேலிடம் மிகுந்த கனிவோடு நான்கு குண்டு துளைக்காத சட்டைகளை அனுப்பி வைத்தது.

ஒவ்வொரு சட்டையின் உள்பக்கமும் ஒரு துணிச்சீட்டு. முதல் தரம் சின்ன ரிவால்வர் குண்டைத் தாங்கும். இரண்டு-அ, இரண்டு, மூன்று-அ என்று மேலே போகப்போக, இன்னும் வேகமான கைத்துப்பாக்கிக் குண்டுகளைத் தாங்கும். கடைசியில் நான்குக்கும் பொதுவாக ஒரு வரி: ரைபிள் குண்டைத் தாங்காது.

தரம் என்ற சொல்லைப் பார்த்ததும் டி.எஸ்.பி.க்கு எல்லாம் விளங்கிவிட்டது. அரசாங்கத்தில் தரம் என்றால் பதவிதானே? மூன்று-அ தமக்கு, இரண்டு எஸ்.ஐ. முனிராஜுக்கு, இரண்டு-அ ஏட்டுக்கு. முதல் தரம் கான்ஸ்டபிள் மாயவனுக்கு. சந்தனக்கட்டை திருடர்களைத் தேடிக் காட்டுக்குள் முதலில் நுழைகிறவன் மாயவன். டி.எஸ்.பி. காட்டைச் சுவரில் மாட்டிய வரைபடத்தில் பார்த்தவர்.

வீட்டில் மாயவன் சீட்டைப் படித்துச் சொன்னதும் அவன் மனைவி தீர்த்தம்மாள் கேட்டாள்:

"கட்டை திருடறவங்க கையில ரைபிள்தான இருக்குது? அப்பறம் எதுக்குங்க இது?"

"பனிக்கு ஆவும்."

சிரிக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் பயம்தான். மறுநாள் டி.எஸ்.பி. முன்னால் போய் நின்றான்.

"ஐயா, என் சட்டை சின்னக் குண்டுக்குத்தானுங்க. பெரிய குண்டு வந்துச்சுன்னா?"

"கான்ஸ்டபிளுக்கு எதுக்குய்யா பெரிய குண்டு? தகுதிக்கு மேல ஆசைப்படாத."

"நான் ஆசைப்படலீங்க. சுடறவன்..."

எஸ்.ஐ. முனிராஜ் ஸ்கேலோடு உள்ளே வந்தார். ஒரு ரிவால்வர் குண்டையும் ரைபிள் குண்டையும் மேசையில் வைத்து அளந்தார்.

"ஐயா, ரிவால்வர் குண்டு ஒன்பது மில்லிமீட்டர் தடிமன். ரைபிள் குண்டு எட்டுகூட இல்லீங்க. தடியனையே மறிக்கிற சட்டை ஒல்லிப்பயலை மறிக்காதுங்களா?"

ஒல்லிப்பயல் மூன்று மடங்கு வேகத்தில் வருவான் என்பதை ஸ்கேல் சொல்லவில்லை. வேகத்துக்கு ஸ்கேலில் கோடு கிடையாது. டி.எஸ்.பி. மகிழ்ந்து, உடனடியாகச் செயல்முறைச் சோதனைக்கு ஆணையிட்டார்.

"சட்டையை மட்டும் தொங்கவிட்டுச் சுட்டா அது சோதனையா? உள்ளே ஆள் இருக்கணும். மாயவா, மாட்டிக்க."

மாயவனின் கண்ணுக்குள் பிள்ளைகளின் முகம் வந்து போனது. உயிர் போகும் நேரத்தில் அவனுக்கு அலுவலக முறை ஞாபகம் வந்தது.

"மன்னிக்கணுமுங்க. மூணு-அ பெரிய தரம். பெரியவங்க இருக்கயில சின்னவன் முந்திக்கிட்டா சீனியாரிட்டி கெட்டுப் போயிருமுங்க."

சீனியாரிட்டியை மறுக்க அந்த அறையில் யாருக்கும் துணிவில்லை. டி.எஸ்.பி. தொண்டையைச் செருமிக்கொண்டு, பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகும் லாரியை நிறுத்தி ஒரு கூடைத் தக்காளி கொண்டுவரச் சொன்னார். தம் பிரதிநிதியாக அந்தக் கூடைக்கே மூன்று-அ சட்டையை மாட்டினார்.

ரிவால்வர் குண்டு சட்டையிலேயே நின்றது. கைதட்டினார்கள். அடுத்தது ரைபிள் குண்டு. அது சட்டையின் முன்பக்கம், தக்காளி, சட்டையின் பின்பக்கம் எல்லாவற்றையும் கடந்து, அப்பால் நின்ற ஜீப்பின் டயரையும் வழியனுப்பி வைத்தது. டி.எஸ்.பி.யின் காக்கி முழுக்கத் தக்காளிச் சாறு.

அன்று மாலையே மேலிடத்துக்கு அறிக்கை போனது: 'சட்டை விதிப்படி நடந்துகொண்டது. குண்டுதான் விதியை மீறியது.' மேலிடமும் தீர ஆராய்ந்து, காட்டு வழியில் தமிழிலும் கன்னடத்திலும் பலகை வைத்தது: 'காவலர்களைச் சுட விரும்புவோர், அவரவர் பதவிக்கு அனுமதிக்கப்பட்ட குண்டுகளை மட்டுமே பயன்படுத்துமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.'

பலகையைப் படித்த டீக்கடை பக்ருதீன் கேட்டார்: "சுடறவனுக்கு யாரு ஏட்டு, யாரு கான்ஸ்டபிள்னு எப்படிங்க தெரியும்?"

நியாயமான ஐயம். சட்டைகளின் நெஞ்சில் தரத்தைப் பெரிய வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். குறி பார்க்க வசதியாக இருந்தது.

மாயவன் நெஞ்சில் ஒன்று என்ற எண்ணோடு, மரத்துக்கு மரம் ஒளிந்து இரண்டு வருஷம் காலம் தள்ளினான். பிறகு ஏட்டு ஆனான். இரண்டு-அ அவனுக்கு வந்தது. பழைய சட்டை, புதிதாக வந்த கான்ஸ்டபிள் சென்றாயனுக்குப் போனது.

"அண்ணே, இது ரைபிளைத் தாங்குமாங்க?" என்று கேட்டான் சென்றாயன்.

"கான்ஸ்டபிளுக்கு எதுக்குடா ரைபிள் குண்டு?" என்றான் மாயவன். சொன்ன பிறகு, யாரோ பேசியதுபோல் திரும்பிப் பார்த்தான்.

வீட்டில் தீர்த்தம்மாள் புதுச் சட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"இது தாங்குமுங்களா?"

"இதுவும் தாங்காதுதான். ஆனா சென்றாயனோடது மாதிரி இல்ல. இது ஒரு தரம் மேல நின்னு தாங்காது."

தீர்த்தம்மாளின் முகம் மலர்ந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு போலீஸ் குடியிருப்புக் குழாயடிக்குப் போனாள். அங்கே சென்றாயனின் மனைவி செல்லி முதல் ஆளாக வந்து காத்திருந்தாள்.

"தள்ளி நில்லு, செல்லி. நாங்க ரெண்டு-அ."