மார்ச் மாதப் பல்வலி

"எந்தப் பல்லு சார்?" என்று கேட்டாள் டார்லீன்.

லைல் ஹாகன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அவசரமாக இடது கன்னத்தைத் தொட்டார்.

"இந்தப் பக்கம். கடைவாய்ப் பல்லு."

டார்லீன் அதை அப்படியே விடுப்புச் சீட்டில் எழுதிக்கொண்டாள். ஆல்டர் ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள். அங்கே மார்ச் மாதம் பிறந்தால் ஆசிரியர்களுக்குப் பல்வலி வரும். பக்கத்து ஊர்ப் பள்ளிகள் அடுத்த வருடத்துக்கு ஆள் எடுக்கும் மாதமும் அதுதான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஹாகனுக்கு ப்ரேரி மவுண்ட் பள்ளியில் பதினொன்றரைக்கு நேர்முகத் தேர்வு. காரில் இருபது நிமிடம்.

ஹாகன் வரலாற்று ஆசிரியர். பதினோரு வருடத்துக்கு முன்பு சேர்ந்தபோது நாளுக்கு ஐந்து வகுப்பு, ஐந்தும் வரலாறு. மனிதர் சொர்க்கத்தில் இருந்தார். பிறகு அல்ஜீப்ரா ஆசிரியர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். பிரின்சிபால் மிசஸ் தோர்சன் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "ஹாகன் எதைக் கொடுத்தாலும் நடத்துவார்!" என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ஹாகனும் தட்டித் தொலைத்தார். அன்றிலிருந்து யார் போனாலும் அந்தப் பாடம் அவர் தலையில் விழுந்தது. அல்ஜீப்ரா, கார் ஓட்டும் பயிற்சி, சமையல், தட்டச்சு. வரலாறு ஒரே ஒரு வகுப்பாகச் சுருங்கிவிட்டது.

போன வாரம் அடுத்த வருட அட்டவணை வந்தது. அந்த ஒரு வகுப்பும் கால்பந்துக் கோச் பிரஸ்லருக்குப் போயிருந்தது. ஹாகன் பெயருக்கு எதிரே தையல் என்று போட்டிருந்தது. மனிதருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

ப்ரேரி மவுண்டில் தேவைப்பட்டதோ ஒரு வரலாற்று ஆசிரியர். ஐந்து வகுப்பு. ஐந்தும் வரலாறு.

"சரி, நாலாவது பீரியட் உங்க பசங்கள யாரு பாத்துக்குவாங்க?" என்றாள் டார்லீன்.

"மாற்று ஆசிரியர் இருக்காரே?"

"ஒருத்தர்தான் இருந்தாரு. அவருக்கும் பல்வலி."

"அடக் கடவுளே."

"மேடம்கிட்டயும் கேக்க முடியாது. இப்பத்தான் கிளம்பிப் போனாங்க. பல்லுதான்."

பிரின்சிபாலுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? ஆகவே அது உண்மையான பல்வலியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஹாகன் முடிவு செய்தார். மேசை மேல் எந்நேரமும் மிட்டாய் ஜாடி வைத்திருக்கிற பொம்பளைக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

கோச் பிரஸ்லரை உடற்பயிற்சிக் கூடத்தில் பிடித்தார்.

"பல்லா?" என்று கண்ணடித்தார் கோச். "போன வாரம் எனக்கும் இருந்துச்சு லைல். ஒரே நாள்ல சரியாப் போச்சு. உன் பசங்கள நான் பாத்துக்கறேன், போ. எப்படியும் வரலாறு எனக்குத்தானே வரப்போகுது. இப்ப என்ன ஓடுது?"

"உள்நாட்டுப் போர்."

"அதுல யாரு ஜெயிச்சது?"

ஹாகன் பல்லைக் கடித்தார். நிஜமாகவே லேசாக வலித்தது.

"சரி சரி, பசங்களையே கேட்டுக்கறேன். ஆனா அந்த நேரம் எனக்கு முதலுதவி வகுப்பு இருக்கேப்பா. அத யாரு பாத்துக்குவாங்க?"

ஹாகன் உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். மிஸ் குவிக் ஒரு வாளியிலிருந்து தவளைகளை எடுத்துத் தட்டுத் தட்டாக வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கா? இன்னிக்கு அறுக்கிற நாளுய்யா!"

"ஓரமா உக்காந்திருப்பாங்க மிஸ். இருக்கிற இடமே தெரியாது."

"ரெண்டு வாரம் என் சாப்பாட்டுக்கூட டூட்டிய நீங்க பாக்கணும்."

"மூணு வாரம் பாக்கறேன். போதுமா?"

பதினோரு மணிக்கு முதலுதவி வகுப்பின் இருபத்தாறு பிள்ளைகளும், மூச்சு ஊதிப் பழகுகிற ஆறு ரப்பர் பொம்மைகளோடு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். கால்பந்து அணியில் தடுப்பு ஆட்டக்காரனாக இருக்கும் ஒரு மலைமாடு, திறந்த தவளை வயிற்றைப் பார்த்ததும் பொத்தென்று விழுந்தான். முதலுதவிப் பிள்ளைகள் ஒரு வருடமாக இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார்கள். ஒன்பது பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். அவன் கண் விழித்து, "விடுங்கடா, செத்துருவேன்!" என்று கத்தினான். அவர்கள் விடுவதாக இல்லை. அந்தத் தள்ளுமுள்ளில் ஒரு ரப்பர் பொம்மை எரிவாயு அடுப்பின் மேல் சாய்ந்தது. கரும்புகை கிளம்பியது. தீயணைப்பு மணி அடித்தது.

ஹாகன் அப்போதுதான் காரில் ஏறிச் சாவியைத் திருகியிருந்தார்.

தீ மணி அடித்தால் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் மைதானத்தில் வகுப்பு வகுப்பாக நிற்க வேண்டும். ஆசிரியர் தலையை எண்ணி, சரியாக இருந்தால் பச்சை அட்டையைத் தூக்க வேண்டும். ஆள் குறைந்தால் சிவப்பு. எல்லா அட்டையும் பச்சையாகும் வரை வெளிக்கதவு திறக்காது.

மைதானம் முழுக்கப் பச்சை. ஒரே ஒரு சிவப்பு. அது ஹாகனின் வகுப்பு. தூக்கிப் பிடித்திருந்தவர் கோச் பிரஸ்லர்.

ஹாகன் காரை விட்டு இறங்கி ஓடினார்.

"யோவ், யாருய்யா குறையுது?"

"அதான் எனக்கும் புரியல. லிஸ்ட்ல மொத ஆளாவே 'ஹாகன், லைல்'னு ஒருத்தன் இருக்கான். நானும் தொண்ட கிழியக் கூப்பிடறேன், காணோம்!"

"அது நான்யா!"

கோச் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அட, ஆமால்ல," என்று பச்சை அட்டையைத் தூக்கினார்.

உடனே தீயணைப்பு அதிகாரி ஒருவர் வந்து ஹாகனின் தோளைத் தொட்டார். "பேர் குடுத்தாச்சுல்ல சார்? இனி ஆபத்தில்லேன்னு மறுபடி மணி அடிக்கிற வரைக்கும் வகுப்போடதான் நிக்கணும். சட்டம்."

மணி பதினொன்று பதினாறு. ஹாகன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்று முனகினார்.

"சார்," என்றாள் முன்வரிசையில் நின்ற ஒரு பெண், "காலையில இந்தப் பக்கம் இல்லையே? இடது பக்கம்தானே பிடிச்சிருந்தீங்க?"

"பரவிடுச்சும்மா!" என்றார் ஹாகன். வாழ்க்கையில் எது பறிபோனாலும் வரலாற்றை விடுவதில்லை என்ற வெறி அவர் முகத்தில் தெரிந்தது. அதிகாரி அதை வலி என்று எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கச் சொன்னார்.

ப்ரேரி மவுண்டை அடைந்தபோது பதினொன்று நாற்பத்திரண்டு. சட்டை முழுக்க எரிந்த ரப்பர் வாடை. வரவேற்பு மேசையில் ஒரு அம்மாள் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் அடுத்த வருட அட்டவணை. வரலாறு, வரலாறு, வரலாறு என்று ஐந்து கட்டங்கள். ஹாகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிக்கணும் மேடம். பன்னிரண்டு நிமிஷம் லேட்டாயிடுச்சு. நான் லைல் ஹாகன், ஆல்டர் ஃபோர்க்லேர்ந்து..."

"தெரியும் சார், தெரியும். கவலப்படாதீங்க. வேல உங்களுக்குத்தான்னு முடிவாயிடுச்சு."

"பேட்டி?"

"பேட்டியே வேணாம்னுட்டாங்க."

ஹாகன் பக்கத்திலிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். பதினோரு வருடப் பாரம் இறங்கியது போலிருந்தது. "ரொம்ப நன்றி மேடம். யாரு அந்தப் புண்ணியவான்? என்னைப் பாக்காமலே இவ்வளவு நம்பிக்கையா?"

அந்த அம்மாள் பின்னலைக் கீழே வைத்தாள்.

"ஜூலையிலேர்ந்து எங்களுக்கு வரப்போற புது பிரின்சிபால்தான் சார், உங்க மிசஸ் தோர்சன். 'ஹாகனா, அவரு எதைக் கொடுத்தாலும் நடத்துவாரே'ன்னு சொல்லி, வரலாற அவங்க கூடவே கூட்டிட்டு வர்ற கோச்சுக்குக் குடுத்துட்டு, உங்க பேரத் தையலுக்கு எழுதிட்டாங்க."