சாமியின் அங்கியும் சாம்பல் பீப்பாயும்

"ஒங்க பேக்டரித் தண்ணி பண்ணின வேலையப் பாருங்க!" என்று டோரீன், சாமியாரின் வெள்ளை அங்கியை விரித்துப் பிடித்தாள்.

அங்கி முழுக்க இளம்பழுப்பு. நெஞ்சில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அழுத்தமான கறை. கோயிலில் மணியடிக்கும் கஸ்பர் துவைக்கச் சொல்லிச் சுருட்டிக் கொடுத்ததை, பிரித்துப் பார்க்காமல் அப்படியே ஓடையில் முக்கியிருந்தாள்.

அவள் புருஷன் இக்னேசியஸ் அங்கியை வாங்கிப் பார்த்தான். கந்தப்பளைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பெரிப்பவன் அவன். அங்கே தரை கழுவும் தண்ணீர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஓடையில்தான் வந்து விழும்.

"ஞாயித்துக்கிழமை திருநாள். சாமி இதப் போட்டுக்கிட்டு நின்னா நான் கோயில் பக்கமே வரமாட்டேன். ஒங்களுக்குச் சோறும் கெடையாது."

கோயிலுக்காவது சமாதானம் சொல்லலாம். வயிற்றுக்கு என்ன சொல்வது? கரி தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று எங்கோ கேட்டிருந்தான். ஓட்டைப் பீப்பாய் ஒன்றில் அடுப்புச் சாம்பலையும் கரியையும் அள்ளி நிரப்பி, தொழிற்சாலைத் தண்ணீர் ஓடைக்கு வரும் கழிவுக் கானின் வாயில் வைத்தான்.

"இப்ப அலசு. பாலா வெளுக்கும்."

அங்கியின் அடிப்பக்கம் யானை நிறமானது.

"சாம்பல் கசியுது, அவ்வளவுதான்" என்று, சல்லடையில் ஒதுங்கிய தேயிலைப் பஞ்சைக் கொண்டுவந்து பீப்பாயின் அடியில் திணித்தான். தேயிலையை நனைத்தால் என்ன வரும் என்பது மலையில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். அவனுக்கு அன்று மறந்துபோனது. அங்கியின் கைகள் இரண்டும் சிவந்தன.

"சீனி போடவா?" என்றாள் டோரீன்.

அவமானம் பிடுங்கித் தின்றது. வெள்ளிக்கிழமை பீப்பாயைக் கவிழ்த்தான். கரியை மட்டும் பொறுக்கி, இடித்து, பத்துத் தண்ணீரில் கழுவி, மணலோடு அடுக்கினான். சனிக்கிழமை காலையில் பீப்பாயிலிருந்து மலைப் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக விழுந்தது. டோரீனே சிரித்துவிட்டாள்.

சவர்க்காரம் போட்டு அலசியதில் சாம்பல் போனது, சிவப்பு போனது, பழுப்பும் போனது. நெஞ்சுக் கறை மட்டும் போகவில்லை. சுற்றிலும் வெளுத்துவிட்டதால் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

வேறு வழியில்லாமல், அன்று மாலை தலைகுனிந்து கஸ்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"மன்னிச்சுக்கப்பா. தண்ணியச் சுத்தமாக்கிட்டேன். இந்தக் கறையத்தான் எடுக்க முடியல."

கஸ்பர் அங்கியை விரித்துப் பார்த்தான். தலையில் கைவைத்துக் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கெடுத்தீங்களே அண்ணே! அதுல தேத்தண்ணியக் கொட்டினதே நான்தான். ஒங்க ஓடையில முக்கினா முழுசும் அதே நெறமாயிரும், சாமிக்குத் தெரியாதுன்னு நம்பித்தானே கொடுத்தேன்!"