மஞ்சள் பெரியவனுக்கு, சிவப்பு சின்னவளுக்கு

தைரியசாலி ஒரு தப்பைச் செய்ய ஒரு நிமிடம் போதும். பயந்தாங்கொள்ளி அப்படியில்லை. பத்து நாள் யோசித்து, நாலு பேரைக் கேட்டு, இரண்டு தடவை சரிபார்த்து, அதற்கப்புறம்தான் தப்பு செய்வான். அதனால்தான் அது அவ்வளவு நேர்த்தியாக அமைகிறது. நான் இரண்டாவது ரகம். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்ற சந்தேகத்தில் பங்காரப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பி வந்தவன். (மூடித்தான் இருந்தது.)

ஏழு வருடங்களுக்கு முன் எங்களுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்தாள். மூத்தவன் சித்துவுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. என் மனைவி அமுதாவுக்கு ஆபரேஷன். குனியக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது. போதாக்குறைக்கு, நாள் முழுக்க டயப்பர் கட்டியே சித்துவுக்குத் தொடையிடுக்கெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது. டாக்டர் கொஞ்ச நாளைக்குத் துணிதான் என்று சொல்லிவிட்டார்.

"இன்னாங்க, இந்த ஒரு வேலையை மட்டும் நீங்க பாத்துக்குங்க. ரெண்டுக்கும் துணி டயப்பர் நல்லதா பாத்து வாங்குங்க. வேற எதுவும் கேக்க மாட்டேன்," என்றாள் அமுதா.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைப் பயமுறுத்தியது.

இன்னொரு பயமும் இருந்தது. மாரிகுப்பத்தில் நாங்கள் இருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்ததால், ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதிக்கு அப்போதுதான் குடிவந்திருந்தோம். கைக்குழந்தையோடு சேர்த்து இரண்டு என்றதும் நாலு வீட்டுக்காரர்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது வீட்டுக்காரர் சாவித்திரம்மா, கன்னட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் தனியாக இருந்தார். "தெருவுல இருந்து ஒரு கம்ப்ளெயின்ட் பரபாரது. வந்தா வீடு காலி, அஷ்டே," என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். (வரக் கூடாது, அவ்வளவுதான் என்று அர்த்தம்.) அன்றிலிருந்து சித்து தட்டைக் கீழே போட்டால்கூட நான் மாடியை நிமிர்ந்து பார்ப்பேன்.

தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வருபவன் நான். அந்தப் பயண நேரம் முழுவதும் செல்போனில் துணி டயப்பர் பார்த்தேன். நாடா வைத்துக் கட்டும் முக்கோணத் துணியா, பிரஸ் பட்டன் போட்டதா? உள்ளே வைக்கிற பட்டை பருத்தியா, மூங்கில் நாரா? சின்னவளுக்குத் தொடை என் கட்டைவிரல் பருமன்தான்; இடைவெளி விழுந்தால் ஒழுகும். பெரியவனுக்கு இறுக்கினால் எலாஸ்டிக் தடம் பதியும். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன். எத்தனை பேர் அருமை என்று எழுதியிருந்தாலும், ஒழுகுகிறது என்று எழுதிய ஒருவர்தான் உண்மை பேசுகிறார் என்று தோன்றியது. கடைசியில், பட்டனை மாற்றிப் போட்டு அளவைக் கூட்டிக் குறைக்கிற ரகத்தை இரண்டு பேருக்கும் தேர்ந்தெடுத்தேன்.

ஒரே ரகம் என்றால் குழம்புமே? "யானை போட்டது அவனுக்கு, பூ போட்டது பாப்பாக்கு. முடிஞ்சிது," என்றாள் அமுதா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. தூக்கக் கலக்கத்தில் யானை எது, பூ எது என்று யார் பார்ப்பது? எங்கள் கிடங்கில் எல்லாமே நிறம்தான். திரும்பி வந்த சரக்குக்கு ஒரு நிறக் கூடை, அனுப்ப வேண்டியதற்கு ஒரு நிறக் கூடை. வீட்டிலும் அப்படியே செய்வோம் என்று முடிவு செய்தேன்.

ஆனால் எங்கள் ஊரில் நிறம் லேசுப்பட்ட விஷயமில்லை. நீலம் எங்கள் வீட்டில் மரியாதைக்குரிய நிறம். அதை எடுத்துக்கொண்டுபோய் இதற்கா? வெள்ளை புத்த விகாரைக்கு உடுத்திப் போகிற நிறம். கறுப்பு என்றால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பச்சை ஒரு கட்சி, காவி இன்னொரு கட்சி. மிச்சம் இருந்தவை மஞ்சளும் சிவப்பும். மஞ்சள் மங்களகரமானது, சிவப்பு குங்கும நிறம். யார் என்ன சொல்லிவிட முடியும்? மஞ்சள் பெரியவனுக்கு ஒரு டஜன், சிவப்பு சின்னவளுக்கு ஒரு டஜன் வரவழைத்தேன். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக விசாரித்து விடுதலை செய்த நான், இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் கடைசியில் பார்சல் வந்தது. புதுத் துணி ஈரத்தை இழுக்காதாம். நாலைந்து முறை அலசிக் காயவைத்த பிறகுதான் கட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. சித்துவுக்கு மட்டும் அவசரத்துக்கு இரண்டைத் தயார் செய்து, அதில் ஒன்றை அவன் முகத்துக்கு நேராக ஆட்டி, "இது உன்னுது. கக்கா வந்தா சொல்லணும். இன்னா சொல்லணும்?" என்று பாடம் நடத்தினேன். "கக்கா!" என்பான். கைதட்டுவேன்.

குழாயில் தண்ணீர் வந்தது முப்பத்தொன்றாம் தேதி மாலையில். அடுத்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் மிச்சமிருந்த இருபத்திரண்டையும் ஒரேயடியாக அலசி, வாசலில் தெருவைப் பார்த்து இரண்டு கொடி கட்டிக் காயப்போட்டேன். சித்து தன்னுடையதைக் கண்டால் இழுப்பான் என்று மஞ்சளையெல்லாம் மேல் கொடியில் போட்டேன். தங்கையுடையதைத் தொட மாட்டான் என்று சிவப்பைக் கீழ்க் கொடியில் போட்டேன்.

மறுநாள் காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் பார்த்தேன். நவம்பர் ஒன்று, கன்னட ராஜ்யோத்சவம், மாநிலம் பிறந்த நாள். தெரு முழுக்கத் தோரணம், எங்கள் வீட்டுக்கு எதிரே கொடிக்கம்பம், ஒலிபெருக்கியில் பாட்டு. எங்கே பார்த்தாலும் கன்னடக் கொடியின் நிறம்: மேலே மஞ்சள், கீழே சிவப்பு. என் வாசலிலும் மேலே மஞ்சள், கீழே சிவப்பு. காற்றில் கம்பீரமாகப் படபடத்துக்கொண்டிருந்தது.

தமிழ்க் குடும்பம் வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் போதும். கம்ப்ளெயின்ட் என்ன, ஊர்வலமே வரும். பச்சைக் குழந்தையோடு எங்கே போவேன்? பாலைக் கீழே வைத்துவிட்டு முதல் கிளிப்பில் கை வைத்தேன்.

"பேடா, பேடா! தெகீபேடி!" என்று மாடியிலிருந்து குரல். எடுக்காதே என்கிறார் சாவித்திரம்மா. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "எஷ்டு சென்னாகிதெ! எவ்ளோ அழகா இருக்கு! நான் சொல்லாமலே தோரணம் கட்டியிருக்கீங்களே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் வழிந்தது. ஆபரேஷனாலா, என்னாலா என்று தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் அவமானம், சொல்லாவிட்டால் மோசடி. அதற்குள் விழாக் கமிட்டியைச் சேர்ந்த ஆட்டோக்கார முனிராஜு வந்துவிட்டார். "சூப்பர்ணா! எங்க ஸ்டாண்டுல கூட இவ்ளோ நீட்டா கட்டல," என்றவர், மைக்கைக் கொண்டுவந்து எங்கள் கேட்டுக்கு முன்னாலேயே நட்டார். சீஃப் கெஸ்ட் இங்கே நின்றால் போட்டோ நன்றாக விழுமாம்.

உள்ளேயிருந்து அமுதாவின் குரல்: "இன்னாங்க, பாப்பா நனைச்சிட்டா! எல்லாத்தையுமா வெளிய போட்டீங்க? காஞ்சிருந்தா ஒண்ணு குடுங்க!"

சிவப்பில் ஒன்றை நைசாக உருவினேன். வரிசையில் ஓட்டை தெரிந்தது. "விழுந்துடுச்சாண்ணா? குடு," என்று முனிராஜு என் கையிலிருந்து வாங்கி, உதறி, மறுபடி மாட்டிவிட்டார்.

சீஃப் கெஸ்ட் வந்தார். யாரோ ஒரு தலைமை ஆசிரியர், பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும். கொடி ஏறியது. பாட்டுக்கு முன்னால் எல்லோரும் அமைதியாக நின்றோம். அந்த அமைதியில் எங்கள் கதவு திறந்தது. மஞ்சள் டயப்பரைத் தவிர உடம்பில் ஒன்றும் இல்லாமல் சித்து நடந்து வந்தான். மைக்குக்கு அடியில் நின்று அண்ணாந்து மேல் கொடியில் தன் துணிகளைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. விரலை நீட்டி, ஒரு வாரப் பாடத்தையும் திரட்டிக் கத்தினான்.

"கக்கா!"

ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோனது. யாருக்கும் புரியாமல் போகட்டும் என்று வேண்டினேன். எங்கள் ஊரில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எத்தனை பேசினாலும் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. சித்துவுக்குத் திருப்தியில்லை. கீழ் வரிசையைக் காட்டி, "பாப்பா கக்கா!" என்று முடித்தான்.

எல்லோரும் துணிக் கொடியைப் பார்த்தார்கள். பிறகு அவன் இடுப்பைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். சாவித்திரம்மா கை நீட்டி ஒன்றைத் தடவினார். விரல் பட்டனைத் தொட்டது, எலாஸ்டிக்கைத் தொட்டது, அங்கேயே நின்றது.

"புதுசுங்க டீச்சரம்மா! தண்ணியில மட்டும்தான் நனைச்சேன். சத்தியமா யாரும் போடலைங்க. தேதியை நெனைக்கவே இல்லீங்க. வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லாதீங்க," என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சங்கடம் என்னவென்றால், அதையும் மைக் சொல்லிக்கொண்டிருந்தது.

சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. "தாயி ஹப்பதல்லி மக்ளு பட்டெ இத்ரெ ஏனாய்த்து?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. கன்னடத் தாயின் பண்டிகையில் பிள்ளைகளின் துணி இருந்தால் என்ன ஆகிவிட்டது என்று கேட்டார். உடனே என் பக்கம் திரும்பி, பழைய டீச்சர் குரலில், "ஆனா இப்ப எடு. மொதல்ல எடு!" என்றார்.

தெருவே சேர்ந்து கிளிப்பைப் பிடுங்கியது. சீஃப் கெஸ்ட்டும் இரண்டு எடுத்துக் கொடுத்தார். மடித்துக்கொண்டே முனிராஜு என் காதருகில், "நைட்டு ஃபுல்லா தாங்குமாண்ணா? நம்ம வீட்லயும் ரெண்டு மாசக் கொழந்தை கீது," என்றார். தேசமே அதிர்ந்த மாதிரி இருந்த அந்த நேரத்தில் நான் அவருக்கு மூங்கில் நார்ப் பட்டையைப் பற்றி விளக்கம் கொடுத்தேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் மஞ்சளும் சிவப்பும் ஒரே நாளில் வெயிலைப் பார்த்ததில்லை. மஞ்சளுக்கு ஒரு ஷிப்ட், சிவப்புக்கு ஒரு ஷிப்ட். வீட்டை இன்றுவரை காலி செய்யவில்லை. இரண்டு பிள்ளைகளும் மாடியிலேயேதான் கிடக்கிறார்கள். கன்னடமும் அங்கேதான் கற்றார்கள்.

போன வருடம் அதே கம்பத்தடியில் சித்துவைப் பேசச் சொன்னார்கள். சாவித்திரம்மா எழுதிக் கொடுத்ததை நெட்டுருப் போட்டு, ஐந்து நிமிடம் ஒரு பிழையும் இல்லாமல் கன்னடத்தில் பேசினான். கைதட்டல் அடங்கவே இல்லை. பக்கத்தில் நின்ற முனிராஜு கைதட்டுவதை நிறுத்தாமலே என் பக்கம் சாய்ந்தார்.

"நல்லாத்தான் பேசுறான். ஆனா இன்னா சொல்லு, மொத தபா பேசுனது மாதிரி வராதுண்ணா."