ஆட்டிடம் தோற்ற ஹோல்ட் பேக் சேர்

புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை வீடு வீடாகத் தேடினாலும், தன்னை ஒரு நிமிடம்கூட அடக்கத் தெரியாத மனிதர் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் ஹோல்ட் பேக் சேர் ஒருவர்தான். அவர் எங்களுக்குப் படிப்பித்ததோ அடக்குவதைப் பற்றி!

கரைத்தீவுத் தையல் வகுப்பு மண்டபத்தில், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர். ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் போனேன். லண்டனில் என் மகன் கலியாணம் முடித்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் அவள் வீடியோவில் வந்தால் நான் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துவிடுவேன்.

முதல் நாளே பலகையில் ‘ஹோல்ட் பேக்’ என்று எழுதினார்.

“பாயப் பாக்கிறதை இழுத்துப் பிடிக்கிறது. விளங்கேல்லையோ? ஒரு ஆடு கொண்டு வாங்கோ!”

பக்கத்து வளவு ஆடு வந்தது. “இஞ்ச பாருங்கோ, ஆடு புல்லுக்குப் போகப் பாக்குது, நான் ஹோல்ட்...” முடிக்கவில்லை, ஆடு அவரைக் களப்புத் தண்ணீர் வரை இழுத்துப் போய்விட்டது. முழங்கால் சேற்றோடு திரும்பியவர், “அர்த்தம் சரி. ஆடுதான் பிழை” என்றார்.

அடுத்த வகுப்பிலும் அதே ஹோல்ட் பேக்தான், இந்த முறை கண்ணீரை அடக்குவது. வெங்காயம் வெட்டினார். பாதியிலேயே மூக்கைச் சிந்தினார். சிரிப்பை அடக்கும் பாடத்தில் நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்தியிருக்க, முதலில் சிரித்தது அவர்தான்.

யார் வாய் திறந்தாலும் முடிக்க விடமாட்டார். “யெஸ்டடே ஐ கோ...” என்றால், “வென்ட்! வென்ட்!” என்று பாய்வார்.

“சேர், நீங்க கொஞ்சம் ஹோல்ட் பேக் பண்ணுங்களே” என்பாள் என் பக்கத்துக் கதிரையில் இருக்கும் சித்தி என்ற பெண். எல்லோரும் சிரிப்போம். ஆனால் அந்தப் பாய்ச்சலுக்குப் பயந்தே நான் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு நடுவில் என் போன் அடித்தது. மருமகள்! ஒளிய அங்கே அலுமாரியும் இல்லை.

“எடுங்கோ அக்கா.”

“ஏலா சேர்!”

அவருக்குப் பொறுக்குமா? தானே பட்டனை அழுத்திவிட்டார். திரையில் அவள் முகம்.

“டோட்டர்... யூ ஈட் ரைஸ்?” என்றேன். பிழை என்று எனக்கே தெரிந்தது. சேர் கதிரையைவிட்டுப் பாதி எழும்பினார். முகம் சிவந்தது. பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, பத்து நிமிடம் அப்படியே இருந்தார். நான் பிழைக்கு மேல் பிழையாகக் கதைத்தேன். அவள் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். கடைசியில், என் மகன் என்னைக் கூப்பிடுவதுபோலவே, “பாய், உம்மா” என்றாள்.

போன் நின்றதும், “டிட் யூ ஈட்! டிட் யூ ஈட்!” என்று சேர் வெடித்தார். வெங்காயம் இல்லாமலே மூக்கையும் சிந்தினார்.

இப்போது சேர் தன் மகளோடு இருக்கச் சிலாபத்துக்குப் போய்விட்டார். நான் வாராவாரம் மருமகளோடு கதைக்கிறேன். பிழையாக ஒன்றைச் சொல்லிவிட்டால், யாராவது குறுக்கே பாய்கிறார்களா என்று ஒரு கணம் நிறுத்திப் பார்க்கிறேன்.